கண்டனீரோ, கேட்டனீரோ

அந்தச் சுவாமியாரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உடனே நாலு பேர் வந்து "ஓ, அவரோ, அவர் ஒரு புனிதர் எல்லோ" என்பார்கள். புனிதர் ஒன்றும் கிடையாது. சரியான தொல்லை பிடித்த மனிதர். அவரோடு நான் சண்டை பிடிக்காத மாதம் இல்லை. அநேகமாக எல்லாச் சண்டையிலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அதனால்தான்.

முதன்முதலாக எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டது மூத்த மகள் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று. வெள்ளைக்காரச் சுவாமி வருகிறார் என்று என் மனைவி முள்ளுக்கரண்டி, கத்தி எல்லாம் துடைத்து வைத்திருந்தாள். அவர் அதையெல்லாம் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றையும் குழம்பையும் குழைத்து உருட்டினார். என் மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் பிறந்த அவள் கரண்டியால்தான் சாப்பிடுவாள்.

மனைவி பெருமையோடு சொன்னாள்: "பாரை மீன் சுவாமி. இண்டைக்குக் காலமைதான் வந்தது."

"வந்ததைக் கண்டனீரோ பிள்ளை, கேட்டனீரோ?"

"கடைக்காரன் சொன்னவன் சுவாமி."

"அப்ப கேட்டது" என்றார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். எழும்பும்போது, "கேட்ட மீன் எண்டாலும் ருசியாய் இருந்தது" என்றார்.

என் மனைவிக்கு அது பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அதே கேள்விதான். வேலையில் மேற்பார்வையாளன் என்னைப் பாராட்டினான் என்று சொன்னாலும் கண்டனீங்களோ, கேட்டனீங்களோ என்பாள். வீட்டுக்குள் வந்த இந்த வியாதிக்கு அவர்தான் காரணம்.

அவர் ஜெர்மன்காரர். வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்தவர். இருபத்தேழு வயதில் கப்பலேறி மன்னாருக்குப் போனவர், அங்கேயே கிழவராகிவிட்டார். எங்கள் ஊர்ப் பங்கிலும் பல வருடம் இருந்தார். நான் அகதியாக ஜெர்மனிக்கு வந்து சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அங்கே சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இருதயம் சரியில்லை என்று அவருடைய சபை அவரைத் திருப்பிக் கூப்பிட்டது. ரூர் பகுதியில் எங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் வயதான குருமார் இருக்கும் மடத்தில் விட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே உடுப்பு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பள்ளிக்கூடப் பயிற்சிக் கொப்பிகள்.

அவருக்கு ஜெர்மனி தெரியாது. ரயில் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நின்று அதனோடு தமிழில் கதைப்பார். குப்பையை நான்கு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்காமல் டாக்டரிடம் போகக்கூடாது என்றும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அகதியாக வந்தவன் ஜெர்மன்காரனுக்கு ஜெர்மனியைப் பழக்கினேன்.

ஒரு நாள் மடத்துக் காரை எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலால் வெளியே வந்து, மிக நிதானமாக, வீதியின் இடது பக்கத்தால் ஓட்டினார். நான் கத்தினேன். "பயப்படாதையும் தம்பி, வீதி வெறுமையாய்த்தானே கிடக்கு" என்றார். மூன்றாவது திருப்பத்தில் போலீஸ் மறித்தது. போலீஸ்காரன் முதலில் என்னுடைய பத்திரத்தைத்தான் கேட்டான். பக்கத்தில் சும்மா இருந்தவன் நான். அதை விடுங்கள். பிறகு சுவாமியிடம் திரும்பி, எந்தப் பக்கத்தால் ஓட்டுவது என்று தெரியாதா என்று கேட்டான்.

"வீட்டில் இடது பக்கம்" என்றார் சுவாமி, ஜெர்மனில்.

"வீடு எங்கே?"

"மன்னாரில்."

போலீஸ்காரன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு பேருடைய அடையாள அட்டைகளும் மாறிப்போய்விட்டன என்று நினைத்திருப்பான். மடத்து வாசலிலிருந்தே பிழையான பக்கத்தால் வந்திருக்கிறீர்கள் என்றான். சுவாமி உடனே பிடித்துக்கொண்டார். அதை நீர் கண்டீரா, கேட்டீரா? ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள் என்று போலீஸ்காரன் ஒப்புக்கொண்டான். "அப்படியென்றால் உமது கொப்பியில் கேட்டது என்று எழுதும். இந்த வளைவிலிருந்து மட்டும் கண்டது" என்றார். அவன் எழுதியதை நான் கண்டேன்.

அன்றே மடத்தில் அவரிடமிருந்து காரின் திறப்பை வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சாரதி நான்.

இந்தக் கண்டது கேட்டதன் கதையை என் அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஆகவே இது நான் கேட்டது.

சண்டை தொடங்கிய காலத்தில், ஒரு ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்து ஆட்களைச் சுட்டுப்போட்டார்கள் என்று ஊர்ச்சனம் ஓடிவந்து சுவாமியிடம் சொன்னது. அவர் அழுதுகொண்டே அவர்கள் சொன்ன பெயர்களையெல்லாம் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். பட்டியலில் இருந்த ஒரு மனிதர் சாகவில்லை. பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டில் போய் இருந்திருக்கிறார். அரசாங்கத்தார் அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் கதிரையில் இருத்தி, கையில் தேத்தண்ணியும் கொடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு ஆள் உயிரோடு தேத்தண்ணி குடித்ததால் மற்றவர்கள் அத்தனை பேருடைய சாவும் பொய்யாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டு கொப்பி. நீல அட்டை போட்டது கண்டதற்கு. மண்ணிற அட்டை போட்டது கேட்டதற்கு. யார் என்ன சொன்னாலும், ஆயராக இருந்தாலும், எந்தக் கொப்பி என்று முதலில் கேட்பார். பிறகு என்ன நிறச் சேட்டு, எந்தக் கையில் மணிக்கூடு, செருப்பு இருந்ததா இல்லையா என்று ஆளைப் பிழிந்து எடுத்துவிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் அப்படித்தான் கேட்டார். சனம் அவரைத் திட்டியது. திட்டிவிட்டு அடுத்த நாளும் அவரிடம்தான் போனது. அந்தச் சீமையில் அவர்களிடம் வேறு யார் கேட்டார்கள்?

இராணுவம் பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு தினம் காலை எட்டு மணிக்கு முகாம் வாசலில் போய் நிற்பாராம். கையில் குடை. உள்ளே இருக்கிறார்களா, இல்லையா? அந்த ஒரே கேள்விதான். மூன்றாம் கிழமை காவலுக்கு நின்ற பெடியனுக்கே பொறுக்க முடியாமல் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டானாம். சுவாமி அந்தக் கதிரையில் மூன்று மாதம் இருந்தார். எங்கள் ஆட்கள் இங்கே மேடைகளில், அவர் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார் என்று பேசுவார்கள். நான் காரில் வைத்து ஒருமுறை கேட்டேன்.

"நாலு பேர்" என்றார்.

"நாலு பேர்தானோ சுவாமி?"

"வெளியில வந்ததை நான் கண்டது நாலு பேர். அதில ஒருத்தன் உம்மடை சங்கத் தலைவர்ரை மச்சான். சரியான குடிகாரன்."

சங்கத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்துக்கு அவர் தலைவர். மைக்கைக் கையில் எடுத்தால் வைக்க மாட்டார் என்பதால் எல்லோரும் மைக் அண்ணை என்போம். கலியாணம், செத்த வீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் பேசுவார். சுவாமிக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தவில்லை.

மைக் அண்ணை தன் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். மாப்பிள்ளை வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. கோயிலில் கலியாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் பெடியனின் குணத்தைப் பற்றிச் சுவாமி விசாரித்தார்.

"தங்கமான பெடியன் சுவாமி. குடி, சிகரெட் ஒண்டும் இல்லை."

"கண்டனீரோ?"

"அவன்ரை தாய் சொன்னவ."

"தாய் சொன்னது மண்ணிறக் கொப்பி. போய்ப் பார்த்திட்டு வாரும்."

மைக் அண்ணை கோபத்தோடு வால்டோர்ஃபுக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மாப்பிள்ளை நிதானத்தில்தான் இருந்தானாம். ஆனால் கதவைத் திறந்தது ஒரு ஜெர்மன் பெண், கையில் அவர்களுடைய குழந்தை. மைக் அண்ணை ஒரு மாதம் மேடை ஏறவில்லை. அந்த ஒரு மாதம் எங்கள் சமூகம் நிம்மதியாக இருந்தது.

பாவசங்கீர்த்தனத்திலும் விடமாட்டார். என் மேற்பார்வையாளன் என்னைக் கறுப்பன் என்று பின்னால் சொல்கிறான், அதனால் அவன்மேல் எனக்கு வன்மம் என்று நான் தொடங்கினேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "தம்பி, உம்மடை பாவத்தை மட்டும் சொல்லும். அவன்ரை பாவத்தை அவன் வந்து சொல்லுவான். பின்னாலை சொன்னதை நீர் எப்பிடிக் கண்டனீர்?"

பெரிய சண்டை நடந்தது கேவலாரில். வருடா வருடம் ஆவணி மாதத்தில் அங்கே மாதா கோயிலுக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போவார்கள். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லை. பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிடுவார்கள். சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கிய வருடம் அது. மைக் அண்ணை மைக்கை எடுத்து, ஒரு கோயிலில் செல் விழுந்து நூற்றுக்கணக்கில் சனம் செத்துவிட்டது என்று முழங்கினார். பெண்கள் அழுதார்கள். சுவாமி என் பார்சலில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எழும்பிப் போய்க் கழுவாத கையாலேயே மைக்கைப் பிடித்தார்.

"ஆர் எண்ணினது?" என்றார்.

மைக் அண்ணை பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார்.

"அங்கை இருக்கிற சுவாமியோடை நான் இண்டைக்கு விடியக் கதைச்சனான். அவர் எண்ணிப் புதைச்சவர். பதினொரு பேர். பெயர் வாசிக்கிறன்." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். பெயர், தகப்பன் பெயர், வயது. ஒரு பெண்பிள்ளையின் பெயருக்குப் பிறகு, "மற்றச் செருப்பு கிடைக்கேல்லை" என்றும் வாசித்தார். பதினொரு பெயரும் வாசித்து முடித்தார். நூற்றுக்கணக்கில் என்றபோது அழுதவர்கள் இப்போது அழக்கூட மறந்துபோய் நின்றார்கள்.

"கூட்டிச் சொன்னால் செத்ததுகளையும் பொய்யராக்கிப் போடுவாங்கள்" என்றுவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். மைக்கில் மீன் குழம்பு.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு பெடியன் போய், இராணுவம் செய்ததை மட்டும் எழுதுங்கோ சுவாமி, மற்றதுகளை விடுங்கோ என்றான். மற்றதென்றால் இயக்கம் வீடு வீடாகச் சண்டைக்குப் பிள்ளை பிடித்தது. "அதைக் கேட்கேல்லை தம்பி, கண்டனான். நீலக் கொப்பி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவரைத் துரோகி என்றார்கள். இலங்கைத் தூதரகம் ஏற்கெனவே அவரைப் புலி என்று சொல்லி விசா மறுத்திருந்தது. அப்ப எனக்கு இரண்டு பக்கத்திலும் இன்னும் வேலை கிடக்கு என்றார் சுவாமி.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவர் படுக்கையில் இருந்தார். தொலைபேசி இரவு பகலாக அடித்தது. மண்ணிறக் கொப்பி ஒன்று முடிந்து, இன்னொன்று முடிந்து, மூன்றாவது தொடங்கியது. நீலக் கொப்பியில் ஒரு வரி ஏறவில்லை. "கண்டவை ஒருத்தரும் ரெலிபோன் எடுக்கினமில்லை தம்பி" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அந்த மாரிகாலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்த சண்டை அதற்கு மூன்று வருடம் முந்தியது.

எனக்கு ஒரு அண்ணன். சந்திக்கு மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவனை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது. சைக்கிளை மட்டும் ஊர்க்காரர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அப்போது கொழும்பில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் லொட்ஜில் இருந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் நான் விமானம் ஏற மாட்டேன் என்று அம்மா மறைத்துவிட்டார். ஜெர்மனியில் அகதி முகாமுக்கு வந்த கடிதத்தில்தான் அறிந்தேன்.

அடுத்த கிழமை எனக்கு அகதி விசாரணை. அந்தக் காலத்தில் விசாரணைக்குக் கதை எழுதிக் கொடுப்பவர் மைக் அண்ணைதான். அப்போது அவருக்கு மைக் இருக்கவில்லை, பேனாதான் இருந்தது. நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

"காணாமல் போனவன் எண்டு சொல்லாதை. காணாமல் போனவன் திரும்பி வருவான்தானே எண்டு கேப்பாங்கள். செத்தவன் எண்டால் கேள்வி இல்லை. கிணத்தடியில உனக்கு முன்னாலை சுட்டவங்கள் எண்டு சொல்லு."

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வாளி உருண்டதுகூடச் சொன்னேன். மொழிபெயர்த்த தமிழர், அதிகாரி தாள் மாற்றிய நேரம் பார்த்து என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இந்தக் கிழமை நீர் அஞ்சாவது கிணறு" என்றார். பிறகுதான் தெரிந்தது, எங்கள் முகாமில் பாதிப் பேருடைய அண்ணன்மார் கிணற்றடியில்தான் சுடப்பட்டிருந்தார்கள். மைக் அண்ணையிடம் ஒரு கதைதான் இருந்தது.

அந்தக் கதை எனக்கு வதிவிட உரிமை எடுத்துத் தந்தது. நானும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அந்த வாளியின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மனைவிக்கும் அதுவே சொன்னேன்.

சுவாமி ஜெனீவாவில் இருக்கும் மனித உரிமைக்காரருக்குக் காணாமல் போனவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோவை, ஃபைல். உயிரோடு இருக்கும் தாய், தகப்பன், சகோதரம் ஒவ்வொருவரின் வாக்குமூலமும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவரோடு முரண்பட்டால் அனுப்ப மாட்டார். அது அவர் போட்ட சட்டம். அந்தத் தேத்தண்ணி குடித்த மனிதரை அவர் சாகும்வரை மறக்கவில்லை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பார்: "சுவாமி அனுப்பினவரோ மோனை?"

ஒரு நாள் சுவாமி மடத்தில் என்னை இருத்தி, "உம்மடை அண்ணனைப் பற்றி எழுதவேணும். சொல்லும்" என்றார்.

"கண்டனான் சுவாமி" என்று தொடங்கினேன். பழக்கம். கிணறு, வாளி, துவக்குச் சத்தம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். ஒரு வரி எழுதவில்லை. முடிந்ததும் எழும்பிப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கறையான் அரித்த ஒரு நீலக் கொப்பியையும் ஒரு மண்ணிறக் கொப்பியையும் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

நீலக் கொப்பியில் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் கண்டது. பச்சைச் சாரம், வெள்ளைச் சேட்டு, சைக்கிள் கைபிடியில் கட்டிய போத்தல், ட்ரக்கில் ஏறும்போது அண்ணன் கடைக்காரரிடம், சைக்கிளை வீட்டில் விடச் சொல்லிக் கத்தியது. மண்ணிறக் கொப்பியில் அம்மா சொன்னது. கடைசி வரி: "இளையவன் கொழும்பில் நிற்கிறான். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்வது ஒன்றுதான். கத்தினேன். "இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டே என்ரை காரில ஏறித் திரிஞ்சனீங்கள் என்ன? ஏன் சொல்லேல்லை?"

"நீர் எனக்குப் பொய் சொல்லேல்லை. ஜெர்மன் அரசாங்கத்துக்குச் சொன்னது எண்டு கேள்விப்பட்டன். கேட்டதை வைச்சு ஒரு மனுசனிட்டை எப்பிடிக் கேக்கிறது? இண்டைக்குத்தான் எனக்குச் சொன்னனீர்."

அந்த வருடம்தான் நான் ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக், விண்ணப்பம், போட்டிருந்தேன். அண்ணன் காணாமல் போனவன் என்று கையெழுத்து வைத்தால், கிணற்றடியில் செத்தான் என்று நான் சொன்ன கோவை பொய்யாகிவிடும். பட்டியலின் ஒரு பிரதி ஜெர்மன் வெளிநாட்டு அமைச்சுக்கும் போகிறது. இரண்டு குழந்தைகள். கையெழுத்து வைக்க ஏலாது என்று சொல்லிவிட்டு எழும்பினேன். காரும் இனி இல்லை என்றேன்.

"ஓம்" என்றார். "ரயில் மெசினுக்கு என்ன பட்டன் எண்டு மட்டும் எழுதித் தந்திட்டுப் போம்."

எழுதிக் கொடுத்தேன். கோபத்தில் எழுதியதால் பிழையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த ஞாயிறு பூசைக்கு வரவேண்டியவர் நாய்க்கு எடுக்கும் டிக்கெட்டோடு வந்து இறங்கினார். பரிசோதகர் நாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். "இப்போது காணவில்லை" என்றாராம். இது கேட்டது.

இரண்டு மாதம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. நான் வேலை செய்வது உறைபீட்சா செய்யும் தொழிற்சாலையில். ஒவ்வொரு பீட்சாவிலும் எட்டுச் சலாமித் துண்டு விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஏழு விழுந்தால் எடுத்து எறிய வேண்டும். எட்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் மனிதன் எதையும் யோசிப்பான். சலாமிக்கு இவ்வளவு நேர்மையாக இருக்கிறேன். அண்ணனை நான்தான் காகிதத்தில் கொன்றேன்.

மைக் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "உனக்கென்ன விசரே?" என்றார். "பாஸ்போட் கைக்கு வாற நேரத்தில அந்தக் கிழவன்ரை கதையைக் கேட்டு எல்லாத்தையும் பாழாக்காதை. அண்ணன் செத்திருப்பான்தானே."

"கண்டனீங்களோ?" என்று கேட்டேன். நான் கேட்க நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்த ஞாயிறு அம்மா கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் கையெழுத்து வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏனென்று அம்மா கேட்கவில்லை. "சைக்கிளுக்கு இப்பவும் எண்ணெய் போட்டுத்தான் வைச்சிருக்கிறன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே மடத்துக்குப் போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளும் கேட்கட்டும். சுவாமி மடத்துத் தோட்டத்தில் மரவாங்கில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டும் காணேல்லை சுவாமி. அண்ணனைப் பிடிச்ச அண்டைக்கு நான் கொழும்பில தியேட்டரில இருந்தனான். லொட்ஜ் பெடியங்களோடை படம் பார்த்தனான்."

பேனாவை எடுத்தார். "என்ன படம்?"

"அது என்னத்துக்கு?"

"நீர் கண்டது அதுதானே. எழுதவேணும்."

"பெயர் ஞாபகமில்லை. ஒரு சண்டைப் படம்."

"என்ன காட்சி?"

"மூண்டு மணிக் காட்சி. கடைசி வரைக்கும் இருந்து பார்த்தனான்." அதைச் சொல்லும்போதுதான் அழுதேன். கிணற்றடிக் கதையை எத்தனையோ தரம் சொல்லியும் ஒரு தரமும் அழுததில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள், ஆனால் நல்ல இறுக்கமாகக் கிள்ளியும் வைத்தாள். பதினொரு வருடம் அவளிடம் பொய் சொன்னதற்கு.

சுவாமி நீலக் கொப்பியில் எழுதினார். அவரது தம்பி ஒன்றும் காணவில்லை. மூன்று மணிக் காட்சி, சண்டைப் படம், பெயர் நினைவில்லை. வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு, "சரி, நாளைக்குக் கந்தோருக்குப் போவம். அவங்கள் வேறை ஆரும் சொல்லிக் கேக்கிறதிலும் பார்க்க நீர் சொல்லிக் கேக்கட்டும்" என்றார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண், நான் சொன்னதை இரண்டு தரம் சொல்ல வைத்தாள். பொய் சொன்னதைத் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். அவள் கணினியில் தேடினாள். கீழே குனிந்து அலுமாரியில் தேடினாள். பக்கத்து அறைக்குப் போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில், இதற்குப் படிவம் இல்லை என்றாள்.

"படிவம் இல்லையென்றால், இதுவரை எத்தனை பேர் இப்படி வந்து கேட்டார்கள்?" என்றார் சுவாமி.

"நான் கண்ட அளவில் ஒருவரும் இல்லை" என்றாள் அவள்.

சுவாமி என் பக்கம் திரும்பி, "நல்ல பிள்ளை, கண்ட அளவில் எண்டு சொல்லுறா" என்றார், தமிழில். வெறும் தாளில் எழுதிக் கொடுத்தோம். கிடைத்தது என்று முத்திரை குத்தும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கதிரையில் இருப்பதில் அவருக்கு அனுபவம் இருந்தது.

குடியுரிமை அன்ட்ராக்கை நிறுத்தி வைத்தார்கள். வக்கீல், கடிதம், விசாரணை என்று நாலு வருடம் இழுபட்டது. என் சொந்தக்காரர் எல்லோரும் ஜெர்மன் பாஸ்போட்டோடு லண்டன் கலியாணங்களுக்குப் போய்வந்தார்கள். நான் சலாமி எண்ணினேன். சுவாமியை ஒவ்வொரு நாளும் திட்டினேன். அவர் படுக்கையில் விழும்வரை திட்டிக்கொண்டே காரில் ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

கோவை ஜெனீவாவுக்குப் போய் எட்டு மாதத்தில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணனுடைய விசயத்தைப் பதிந்துகொண்டோம், அரசாங்கத்திடம் கேட்டிருக்கிறோம் என்று. சுவாமி அங்கே விசாரித்து அண்ணனுடைய பெயர் பட்டியலில் இருக்கிறதென்று எனக்குச் சொன்னார். நான் ஓடிப்போய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, அண்ணன்ரை பேர் இருக்காம்."

அம்மா அவருடைய பங்கில் பல வருடம் இருந்தவர். உடனே கேட்டார்: "கண்டனியோ?"

"இல்லை அம்மா. கேட்டனான்."

"எனக்கு இங்கிலிஸ் தெரியாது. வந்த கடிதத்தை அனுப்பிவிடுறன். நீ பார்த்துச் சொல்லு."

அங்கிருந்து ஒரு கடிதம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். நின்றபடியே பிரித்தேன். அண்ணனுடைய பெயர். அப்பாவின் பெயர். சந்தியின் பெயர். கடைசியாகக் கண்டபோது உயிரோடு இருந்தார் என்று ஒரு வரி.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கண்டனான் அம்மா" என்றேன்.

 "அப்ப சுவாமிக்கும் சொல்லு" என்றார் அம்மா.

மடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் வந்துவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது சுவாமி, அண்ணனுடைய பெயரை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சந்தோசம் தம்பி" என்றார். "கொண்டுவந்து காட்டும்."